விசுவாசத்தினாலேயே: ஓர் அடக்க ஆராதனையும் ஓர் ஏகாரமும்

பெரியப்பாவின் அடக்க ஆராதனையில் கேட்ட ஒரு பேச்சு நான்கு ஆண்டுகளாக என்னைத் தூங்கவிடவில்லை என்று எழுதினால் அது மிகை. ஆனால் தூக்கம் கலைந்த இரவுகளில் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். பெட்டி இன்னும் மூடப்படவில்லை. பெரியம்மா தலைமாட்டில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பெரியப்பாவின் நெற்றியில் வந்து அமரும் ஈயைக் கைக்குட்டையால் விரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் சேகரத்துக் குருவானவர் வெளியூர் போயிருந்ததால் வேறோர் ஊழியக்காரரைச் செய்தி கொடுக்க அழைத்திருந்தார்கள். "இந்த ஐயா எத்தனையோ பேருக்கு உதவி செய்தவர் என்று எல்லாரும் சொன்னீர்கள். ஏசாயா 64:6 என்ன சொல்கிறது? அழுக்கான கந்தை! இந்த ஐயாவுடைய நற்கிரியைகளும் அப்படித்தான். கிரியைகளைக் காட்டி ஒருவரும் பரலோகத்துக்குள் போக முடியாது. இவர் இரட்சிக்கப்பட்டாரா என்பது இவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். நீங்கள் இரட்சிக்கப்பட்டீர்களா?" என்று அவர் கேட்டபோது பந்தலுக்குள் ஒரு சத்தமும் இல்லை. பெரியம்மாவின் கைக்குட்டை மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடியும் அசைந்தது.

கந்தை என்ற சொல்லை அவர் அறியாமல்தான் எடுத்திருப்பார். பெரியப்பா தொழுநோய் மருத்துவமனை ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்தவர். அவருடைய வாழ்க்கையே கந்தையோடுதான் கழிந்தது. நான் சிறுவனாக இருந்தபோது விடுமுறைக்கு அங்கே போனால், மருத்துவமனையில் கட்டுத்துணி போதாத மாதங்களில் ஊரில் பழைய வேட்டிகளைக் கேட்டு வாங்கிவந்து திண்ணையில் வைத்துக் கிழித்துக்கொண்டிருப்பார். கரையை முதலில் தனியாகக் கிழித்து எடுத்துவிடுவார். உணர்ச்சியற்ற காலில் கரையின் தடிப்பு அழுத்தினால் நோயாளிக்குத் தெரியாது, புண்தான் பெரிதாகும் என்பது அவர் சொன்ன காரணம். பிறகு சலவைச் சோடா போட்ட வெந்நீரில் துணியைக் கொதிக்கவைத்து, கொடியில் காயப்போட்டு, காய்ந்ததைத் தொடையின்மீது வைத்து உருட்டிச் சுருளாக்குவார். நோயாளிகளின் காலை வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் காய்ப்பைச் சுரண்டி எண்ணெய் தடவும்போது, பாதத்தின் எந்த இடம் மற்ற இடத்தைவிடச் சுடுகிறது என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். வலி தெரியாத காலுக்கு அந்தச் சூடு ஒன்றே முன்னறிவிப்பு. அப்படிப்பட்டவரின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுக்கான கந்தை என்று ஒருவர் சொன்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவர் இரட்சிக்கப்பட்டாரா என்ற கேள்வி எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். சபைத் தேர்தல் ஒன்றில் ஏற்பட்ட மனத்தாங்கலுக்குப் பிறகு பெரியப்பா பல ஆண்டுகள் ஆராதனையில் கொடுக்கும் இராப்போஜன அப்பமும் ரசமும் எடுக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்கம் முடிந்ததும் எழுந்து போய்விடுவார். இன்ன வருடம் இன்ன தேதியில் இன்ன கூட்டத்தில் நான் தொடப்பட்டேன் என்று அவர் சாட்சி சொல்லி யாரும் கேட்டதில்லை. எங்கள் பக்கத்துச் சபைகளில் அப்படி ஒரு தேதி இல்லாதவர்களைப் பற்றிச் சற்றுத் தாழ்ந்த குரலில்தான் பேசுவார்கள்.

சில நாள் கழித்து அந்த ஊழியக்காரரைத் தேடிப் போனேன். சண்டை போடத்தான் போனேன். அவர் காப்பி கொடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, வேதத்தில் இல்லாத எதையாவது நான் சொன்னேனா?" என்றார். எனக்குப் பதில் இல்லை. கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு என்ற எபேசியர் வசனத்தை நானே ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறேன். அவர் சொன்ன வாக்கியங்களைத் தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் வசனம் இருக்கிறது. இருந்தும் மொத்தமாகச் சேர்த்தால் ஏதோ பொய்யாக இருந்தது. சரியான வாக்கியங்களைக் கொண்டு ஒரு பொய்யை எப்படிச் சொல்ல முடியும் என்பதுதான் அப்போதிருந்து என் கேள்வி.

கிருபையும் அருளும்

அம்மா ஆர்.சி. என்னும் ரோமன் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபைக்கு, அதாவது புரோட்டஸ்டன்ட் பக்கத்துக்கு, வந்தவர். அதனால் இந்தப் பிரச்சினையின் இரண்டு பக்கங்களும் எனக்குச் சொற்களாகவே முதலில் அறிமுகமாயின. நாங்கள் கிருபை என்றால் ஆச்சி வீட்டில் அருள்; நாங்கள் இரட்சிப்பு என்றால் அங்கே மீட்பு; எங்கள் விசுவாசம் அங்கே பெரும்பாலும் நம்பிக்கை. பவுல் அப்போஸ்தலனின் நிருபங்களில் மையமான, மனிதன் கடவுள்முன் சரியானவன் ஆவதைச் சொல்லும் வினைச்சொல்லையும் இரண்டு வேதாகமங்களும் இரண்டாகத்தான் பெயர்க்கின்றன. 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழு முடித்துக்கொடுத்த, எங்கள் சபைகளில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதலில் அது "நீதிமானாக்கப்படுதல்". கத்தோலிக்கர் வாசிக்கும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பில் "ஏற்புடையவர் ஆதல்". இதில் ஒரு வேடிக்கை உண்டு. மனிதன் உள்ளபடியே நீதிமானாக ஆக்கப்படுகிறான் என்று வாதிட்டவர்கள் கத்தோலிக்க இறையியலார். அவன் பாவியாக இருக்கும்போதே கிறிஸ்துவின் நிமித்தம் நீதிமான் என்று எண்ணப்பட்டு ஏற்றுக்கொள்ளப்படுகிறான் என்று சொன்னவர்கள், புரோட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய ஜெர்மானியர் மார்ட்டின் லூத்தரைச் சேர்ந்தவர்கள். தமிழிலோ நம் திருப்புதல் ஆக்கப்படுவதைப் பேசுகிறது, அவர்களுடையது ஏற்கப்படுவதைப் பேசுகிறது. சண்டையின் நடுவே இரண்டு தரப்பாரும் கத்தியை மாற்றிக்கொண்டதுபோல் இருக்கிறது.

கத்தோலிக்கர் புண்ணியம் செய்து மோட்சம் வாங்குகிறவர்கள் என்று எங்கள் பக்கம் பேசுவது வழக்கம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். லூத்தர் தரப்புக்குப் பதில் சொல்லக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட தீர்மானத்தை வாசித்தபோது அந்த எண்ணம் முதல் வரியிலேயே இடறியது. அதிலுள்ள முப்பத்து மூன்று விதிகளில் முதல் விதி, கிறிஸ்துவின் வழியாக வரும் அருளின்றித் தன் சொந்தச் செயல்களால் மனிதன் கடவுள்முன் ஏற்புடையவனாகலாம் என்று சொல்பவனைத்தான் சபிக்கிறது. விசுவாசம் மட்டும் போதும் என்பவனைச் சபிப்பது ஒன்பதாவது விதி. மனிதன் தன் சொந்த முயற்சியாலேயே நல்லவனாகலாம் என்ற பெலாகியுசின் போதனையை 418ஆம் ஆண்டு கார்த்தேஜ் சங்கமே தள்ளிவிட்டது. சொந்த முயற்சியால் மோட்சம் என்று ஏட்டில் எந்தத் தரப்பும் எழுதிவைக்கவில்லை. ஏட்டுக்கு வெளியே, உண்டியலும், பாவத்துக்கான தண்டனையை நீக்கும் என்று விற்கப்பட்ட பரிபூரண பலன் சீட்டும் புழங்கிய இடத்தில்தான் அது குடியிருந்தது. 1517இல் லூத்தரைக் கொதிக்கவைத்ததும் அந்தச் சீட்டு வியாபாரம்தான்.

அடக்கத்துக்கு மறுவாரம் அம்மா ஒரு காரியம் செய்தார். யாரிடமும் சொல்லாமல், பிறந்த ஊர்க் கோவிலில் பெரியப்பாவின் ஆத்துமாவுக்காகப் பூசைக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் சபையில் இறந்தவர்களுக்காக மன்றாடும் வழக்கம் இல்லை. பரலோகத்துக்குமுன் ஆத்துமா தூய்மையாகும் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற ஒன்று இருப்பதாகவும் நாங்கள் ஏற்பதில்லை. "அம்மா, அவர் பரலோகத்தில் இருந்தால் இந்தப் பூசை வீண்தானே?" என்று கேட்டேன். "அவுக அங்க இருந்தா, இது யாரும் நினைக்காத ஒரு ஆத்துமாவுக்குப் போகும்ல" என்று சொல்லிவிட்டு முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தார். இறையியலாக அதை நான் ஏற்கவில்லை, இப்போதும் ஏற்கவில்லை. ஆனால் அந்த வாரம் பெரியப்பாவைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் அவரைக் கணக்குப் பார்க்காதது அது ஒன்றுதான்.

அவருள் இவனே

மூலமொழி தெரியாத எனக்கு இந்த வழக்கில் ஒரு வழி திறந்தது நான் பிழைப்புக்காகச் செய்யும் தொழிலில்தான். மேல்நிலை வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். இடைச்சொல் நடத்தும்போது நன்னூலின் ஏகாரச் சூத்திரத்தைப் பாடத்தில் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுவது என் பழக்கம்: பிரிநிலை, வினா, எண், ஈற்றசை, தேற்றம், இசைநிறை என்று ஏகாரத்துக்கு ஆறு பொருள். பிரிநிலைக்கு உரைகாரர்கள் காட்டும் "அவருள் இவனே கள்வன்" என்ற எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு கூட்டத்திலிருந்து ஒருவனைப் பிரித்துக் காட்டுவதால் இது பிரிநிலை என்றேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "ஐயா, அப்படியென்றால் மற்றவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்று இந்த ஒரு எழுத்தே தீர்ப்புச் சொல்லிவிடுகிறதா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சுண்ணக்கட்டி கையில் இருக்க, ரோமர் 3:28 என் காதில் கேட்டது: "ஆதலால், மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறானென்று தீர்க்கிறோம்." விசுவாசத்தினாலே அல்ல, விசுவாசத்தினாலேயே. எத்தனையோ முறை பலிபீடத்தருகே நின்று பாடம் வாசித்த எனக்கு, அந்த இரண்டாவது ஏகாரம் அன்றுவரை கண்ணில் படவில்லை.

இந்த ஏகாரத்துக்கு ஜெர்மனியில் ஓர் அண்ணன் உண்டு. 1522இல் வெளியான தம் புதிய ஏற்பாட்டில் லூத்தர் இதே வசனத்தில் "மட்டும்" என்று பொருள்படும் "அல்லைன்" என்ற சொல்லைச் சேர்த்தார். கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் இல்லை. வேதத்தில் கைவைத்துவிட்டார் என்று எதிரிகள் குற்றம் சாட்ட, 1530இல் கோபுர்க் கோட்டையிலிருந்து மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதில் அவர் தொடங்குவது மொழியிலிருந்துதான். இரண்டு பொருள்களைச் சொல்லி ஒன்றை ஏற்று மற்றதை மறுக்கும்போது ஜெர்மன் மொழி இயல்பாகவே "அல்லைன்" என்று சேர்க்கும். விவசாயி தானியம் மட்டுமே கொண்டுவருகிறான், பணம் கொண்டுவரவில்லை என்பதுபோல. நம்பாவிட்டால் வீட்டிலுள்ள தாயையும் தெருவிலுள்ள பிள்ளைகளையும் சந்தையிலுள்ள சாமானியனையும் கேட்டுப் பாருங்கள் என்கிறார். நம் ஊர்ச் சந்தையில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். "காசு இல்லாமல் நெல் கொண்டுவந்தான்" என்று யார் சொல்வார்கள்? "நெல்தான் கொண்டுவந்தான், காசு இல்லை" என்போம். பேச்சில் "தான்" செய்கிற வேலையை ஏட்டில் ஏகாரம் செய்கிறது. லூத்தருக்கு ஒரு முழுச் சொல் தேவைப்பட்டது. தமிழுக்கு ஓர் எழுத்து போதும், அதுவும் யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி.

அப்படியானால் கிரியையை வலியுறுத்தி நிருபம் எழுதிய யாக்கோபு என்ன ஆனார் என்று கேட்கலாம். புதிய ஏற்பாடு முழுவதிலும் "விசுவாசம் மட்டும்" என்ற தொடர் மூலத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, அதுவும் மறுப்பதற்காக: "மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்." யாக்கோபு 2:24. லூத்தர் இந்த நிருபத்தை வைக்கோல் என்று முன்னுரையில் எழுதி, பிற்பாடு வந்த பதிப்புகளில் அந்த வரியை விட்டுவிட்டார். ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது என்ற ஆதியாகம வசனத்தைப் பவுலும் காட்டுகிறார், யாக்கோபும் காட்டுகிறார். பவுல் அதை ஈசாக்கு பிறப்பதற்கு முந்திய ஆபிரகாமிடம் நிறுத்துகிறார். யாக்கோபு ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய ஆபிரகாம்வரை கொண்டுபோகிறார். இருவரும் வேறு வேறு ஆட்களோடு பேசுகிறார்கள் என்பதே என் எண்ணம். மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணத்தையும் விருத்தசேதனத்தையும் காட்டி மேன்மைபாராட்டுகிறவனோடு பவுல் பேசுகிறார். பசித்தவனிடம் சமாதானத்தோடே போ என்று வாயால் சொல்லி அனுப்புகிறவனோடு யாக்கோபு பேசுகிறார். பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று அவர் எழுதியதை எங்கள் பக்கம் பிரசங்கத்துக்கு அதிகம் எடுப்பதில்லை.

வகுப்புப் பையனின் கேள்விக்குத் திரும்புகிறேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து ரோமர் மூன்றாம் அதிகாரத்தை இலக்கணப் பாடம்போல வாசித்தேன். 28ஆம் வசனத்தின் ஏகாரம் எதிலிருந்து எதைப் பிரிக்கிறது? கிரியைகளிலிருந்து விசுவாசத்தை. ஒரு காரணத்திலிருந்து இன்னொரு காரணத்தை. மனிதரிலிருந்து மனிதரை அது பிரிக்கவில்லை. முந்தின வசனம் "மேன்மைபாராட்டல் எங்கே?" என்று கேட்கிறது. அடுத்த வசனம் "தேவன் யூதருக்குமாத்திரமா தேவன்?" என்று கேட்கிறது. ஆட்களைப் பிரிக்கும் "மாத்திரம்" என்ற சொல்லை உடைப்பதற்காகவே பவுல் காரணங்களைப் பிரிக்கும் ஏகாரத்தை வைத்திருக்கிறார். பந்தலில் நடந்தது இதன் நேர்மாறு: இரட்சிக்கப்பட்டவர் இவர், அல்லாதவர் அவர் என்று சவப்பெட்டிக்கும் நாற்காலிகளுக்கும் இடையே கோடு கிழிக்க அதே ஏகாரம் பயன்பட்டது. அவருள் இவனே கள்வன்.

ஏசாயாவையும் எடுத்துப் பார்த்தேன். "நாங்கள் அனைவரும் தீட்டானவர்கள்போல இருக்கிறோம், எங்களுடைய நீதிகளெல்லாம் அழுக்கான கந்தைபோல இருக்கிறது." தன்மைப் பன்மை. அதுவும் "நாம்" அல்ல, "நாங்கள்". ஏனென்றால் அது பிரசங்கம் அல்ல, தேவனைப் பார்த்து ஒரு சனம் செய்யும் அறிக்கை. அதைத்தான் ஊழியக்காரர் "இந்த ஐயாவுடைய" என்று படர்க்கைக்கு மாற்றியிருந்தார். நான் தேடிய விடை இந்த இடத்தில் கிடைத்தது. கிருபையைப் பற்றிய வாக்கியங்கள் தன்மையில் சொல்லப்படும்போது உண்மையாக இருக்கின்றன; படர்க்கைக்கு மாற்றினால் சொல் மாறாமலே பொய்யாகின்றன. லூக்கா பதினெட்டாம் அதிகாரத்தில் வரி வசூலிக்கும் ஆயக்காரன் "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்கிறான். அங்கே நின்ற, சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயனின் ஜெபத்தை இதுவரை சரியாகக் கவனித்ததில்லை. அவன் தன் நன்மைக்காகத் தன்னைப் புகழவில்லை. "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்று எல்லாப் பெருமையையும் தேவனுக்கே கொடுக்கிறான். உபதேசப்படி பார்த்தால் அவனுடையது குறையில்லாத கிருபைக் கோட்பாடு. பக்கத்தில் நிற்பவனைச் சுட்டிய அந்த "இந்த" என்ற ஒரு சொல்தான் அவனைக் கவிழ்த்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தேதி குறித்து, கை உயர்த்தி, முன்னே வந்து முழங்காற்படியிட்டு இரட்சிப்பைப் பெற்றுக்கொண்டேன் என்று சொல்லும்போது, அந்தத் தீர்மானமே ஒரு கிரியை ஆகிவிடவில்லையா? நான் செய்தது, நீ செய்யாதது, நாட்குறிப்பில் எழுதிவைத்தது. வேட்டி கிழிப்பது கிரியை என்றால் கை உயர்த்துவது எப்படி ஈவாகும்? 1546இல் ஐஸ்லேபனில் இறந்துபோன லூத்தர் கடைசியாக எழுதிவைத்த குறிப்பு "நாம் பிச்சைக்காரர்கள், இது உண்மை" என்று முடிகிறது. அதிலும் தேதி கேட்கும் தொனி இல்லை.

என் கணக்கு

இவ்வளவும் எழுதிவிட்டு என்னை நியாயவானாகக் காட்டிக்கொண்டால் அது நேர்மையாகாது. பந்தலில் எனக்கு வந்த கோபத்துக்குள் முப்பத்தொரு ஆண்டு என்ற எண் இருந்தது. இத்தனை புண்களைக் கழுவியவருக்கா இந்தச் சொல் என்றுதான் மனம் கொதித்தது. அதுவும் ஒரு பேரேடு. அதைத் திறந்தால் மறுபக்கத்தையும் எழுதவேண்டும். கிணற்றுப் பங்குத் தகராறில் பெரியப்பா என் அப்பாவோடு ஒன்பது ஆண்டுகள் பேசவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு, அப்பா எதிரே வந்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொள்வார். அப்பாவுக்கு முதல் மாரடைப்பு வந்தபோதுகூட ஆள் அனுப்பி விசாரித்தாரே தவிர வரவில்லை. தொழுநோயாளியின் காலைத் தொட்ட கை, தம்பியின் கையைத் தொடவில்லை. அவர் என் கணக்கின்படி பரலோகம் போகவேண்டுமென்றால் எத்தனை கட்டுத்துணிச் சுருள் இந்த ஒன்பது ஆண்டுகளுக்கு ஈடாகும்? ஊழியக்காரர் அவருக்குக் கிருபை வந்ததா என்று கேட்டார். நான் அவருக்கு அது தேவையே இல்லை என்பதுபோல் பேசினேன். எது மோசம் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம்மிடமுள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, அருளினாலேயே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். அப்படி ஏற்றவர்தாம் நம் இருதயத்தைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார் என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தச் சபைகளும் அதில் இணைந்தன. ஆங்கிலிக்கன் ஆலோசனைக் குழு 2016இல் அதன் சாரத்தை ஏற்றது. 1947இல் சி.எஸ்.ஐ. பிறந்தபோது அதில் ஒன்றானவை ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, சீர்திருத்தப் பாரம்பரியச் சபைகள்தாம். ஆக எங்கள் சபையின் மூன்று வேர்களும் அம்மாவின் பிறந்த வீட்டோடு இந்த விஷயத்தில் சமாதானமாகிவிட்டன. இதை எங்கள் சேகரத்தில் யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா, நல்லதுதான்" என்றார்.

முதலாண்டு நினைவுக்கு முன் கல்லறைக்குக் கல் வைக்கவேண்டியிருந்தது. பெரியப்பாவின் மகன், என் அண்ணன், எபேசியர் 2:8ஐப் பொறிக்கலாம் என்றார். நான் மத்தேயு 25:36 போடலாம் என்றேன்: "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்." அண்ணன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த ஊழியக்காரர் நிற்பதுபோல் இருந்தது. அடுக்களையிலிருந்து வந்த பெரியம்மா, "ஏய்யா, பேரும் தேதியும் போதும். அவுகளுக்குப் பேச்சுப் பிடிக்காது" என்று சொல்லிவிட்டு எங்களுக்குக் காப்பி வைக்கப் போய்விட்டார். கல் செதுக்குகிறவர் தாளில் எழுத்துகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "வசனம் ஒன்றும் வேண்டாமா சார்? எல்லாரும் போடுவாங்களே, அடியில் இடம் நிறைய இருக்குதே" என்றார். இருக்கட்டும் என்று சொல்லி முன்பணம் கொடுத்தேன். அடுத்த மாதம் போய்ப் பார்த்தபோது, பெயருக்கும் இரண்டு தேதிகளுக்கும் கறுப்புச் சாயம் ஏற்றியிருந்தார். கீழே பாதிக் கல் வெறுமையாக இருந்தது.